உறைக்கு ஒரு கரண்டி

ஒரு டி.வி. உடைந்ததால் ஒரு கம்பெனி பிறந்தது என்று சென்னையில் ஒரு கதை புழங்குகிறது. கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, சாமான்களோடு அனுப்பிய எல்.சி.டி. டி.வி. உடைந்து வந்து சேர்ந்தது. இன்ஷூரன்ஸ் பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தும் கிடைக்கவில்லை. ஊர் திரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் நடந்ததை எழுதினார். அதற்குப் பிறகுதான் மன்னிப்பும் பணமும் வந்தன. 2010-ல், வாடிக்கையாளர் குறைகளைக் கையாளும் ஜென்டெஸ்க் என்ற மென்பொருளின் விலை உயர்ந்து பலர் கோபத்தில் இருந்த சமயம், அந்தச் சந்தையில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறது என்று இணையத்தில் யாரோ எழுதிய கருத்து அவர் கண்ணில் பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கியது. பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பர் 22 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது.

கதை உண்மைதான். ஆனால் இப்படிச் சொல்லும்போது அதிலிருந்து ஒன்பது வருஷம் விழுந்துவிடுகிறது. கிரிஷ் 2001-ல் சென்னை அட்வென்ட்நெட்டில் சேர்ந்தவர். இன்று ஜோஹோ என்று நாம் அழைக்கும் நிறுவனம்தான் அது. அங்கே அவர் பொறுப்பில் வளர்ந்த மென்பொருள்களில் ஒன்று சர்வீஸ்டெஸ்க் பிளஸ். ஒரு பெரிய ஆபீஸில் கம்ப்யூட்டர் பழுதானால் யாரிடம் சொல்வது, யார் வந்து பார்ப்பது, எப்போது முடிந்தது என்பதையெல்லாம் பதிந்துவைக்கிற மென்பொருள். குறை கேட்டுத் தீர்க்கும் வேலை எங்கே சிக்கும், எதற்கு வாடிக்கையாளர் காசு கொடுப்பார், எதற்குக் கொடுக்க மாட்டார் என்பது வருஷக்கணக்கில் அவர் கைப்பட்டுத் தெரிந்த விஷயம். டி.வி. உடைந்தவர்கள் எத்தனையோ பேர். விலை உயர்வைப் பற்றிய அந்தக் கருத்தையும் எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். படித்த உடனே அதில் ஒரு தொழில் தெரிவதற்கு அந்த ஒன்பது வருஷம் தேவைப்பட்டது. கூடவே வந்த ஷான் கிருஷ்ணசாமியும் அதே பட்டறையில் தேறியவர்.

அறிவை விற்றுப் பிழைக்கும் சிறிய கம்பெனிகளில் புதுமை எப்படி நடக்கிறது என்று பேச உட்காரும்போது, எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறிப் போகிறோம். யோசனைதான் கிடைக்காத பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால் முதலாளிகள் யோசனைப் பெட்டி வைக்கிறார்கள், பரிசு அறிவிக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு நாள் மகாபலிபுரம் ரிசார்ட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள். யோசனைகள் கொட்டுகின்றன. மறுநாள் ஆபீஸ் வழக்கம்போல ஓடுகிறது, அந்தத் தாள்கள் அலமாரிக்குள் போகின்றன. அடுத்த வருஷம், ‘நம் ஆட்களுக்குப் புதிதாக யோசிக்க வரவில்லை’ என்ற வருத்தம் முதலாளிக்கு மிஞ்சுகிறது. இது ஊழியர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அவர்களிடம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. எதில் பஞ்சம் என்று பார்க்க, நாமே ஒரு கம்பெனிக்குள் நுழைந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தாம்பரம் பக்கம் அதற்குத் தோதான இடம். சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1984-ல் வந்தது. அதற்கு முன்பே, 1949-ல், சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. குரோம்பேட்டையில் இன்ஜினியர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரைத் தாண்டிப் போனால் ஜோஹோ வளாகம். இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே, சேலையூரிலும் பல்லாவரத்திலும் முடிச்சூர் சாலையிலும் கடைகளுக்கு மேல் மாடியில், போர்டுகூடச் சரியாகக் கண்ணில் படாத ஆபீஸ்கள் இருக்கின்றன. இருபது பேர், முப்பது பேர். மெடிக்கல் கோடிங், கட்டட வரைபடம், சிறு மென்பொருள் என்று ஏதோ ஒன்றை வெளிநாட்டுக்குச் செய்து தருவார்கள். மெஷின் கிடையாது, சரக்கு கிடையாது. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போனால் கம்பெனியின் சொத்தும் ஷேர் ஆட்டோ ஏறிப் போய்விடும்.

அப்படி ஒரு ஆபீஸைக் கற்பனை செய்துகொள்வோம். ஸ்டீல் டீடெய்லிங் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு கட்டடத்துக்கு இரும்புச் சட்டகம் வருகிறது என்றால், ஒவ்வொரு உத்தரத்துக்கும் தூணுக்கும் தனித்தனி வரைபடம் வேண்டும். நீளம் எவ்வளவு, போல்ட் ஓட்டை எங்கே, வெல்டிங் எவ்வளவு என்றெல்லாம் அதில் இருந்தால்தான் பட்டறைக்காரர் வெட்ட முடியும். அந்த வரைபடத்தை முடிச்சூர் சாலை மாடியில் இருந்து போட்டு அனுப்புகிறார்கள். மொத்தம் 25 பேர். முதலாளி, கணக்கு, ஹெச்.ஆர். எல்லாம் போக, 20 பேரின் நேரம் விற்பனைக்கு. ஒருவருக்கு மாதம் 160 மணி நேரம் என்றால் 3,200 மணி. ஒரு மணிக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணியும் வீணாகாவிட்டால், மாதம் 25,60,000 ரூபாய் வரும். வருஷத்துக்கு மூன்று கோடி சொச்சம். 10 கோடி வரை விற்றுமுதல் இருந்தால் ‘குறு நிறுவனம்’ என்பது 2025 ஏப்ரல் முதல் அரசு வைத்திருக்கும் வரம்பு. ஆக, இத்தனை பேர் வேலை செய்யும் இந்த ஆபீஸ் அரசுக் கணக்கில் சிறு நிறுவனம்கூட ஆகாது.

இதில் முதலாளி தினமும் பார்க்கிற ஒரே எண் யூட்டிலைசேஷன். விற்கக்கூடிய மணிகளில் எத்தனை சதவீதம் விற்றுப்போயின என்பதுதான் அது. 95 என்றால் நிம்மதி, 80 என்றால் தூக்கம் போகும். சம்பளம் முதல் தேதியில் கொடுத்தாக வேண்டியவருக்கு இந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவர் பார்க்காத ஒன்று இருக்கிறது. தொலைபேசி இணைப்பகங்களில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று டென்மார்க்கில் ஏ.கே. எர்லாங் 1909-ல் கணக்குப் போட்டு வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. அதில் மிக எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வேலை செய்கிறார், வேலைகள் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து விழுகின்றன. அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் ஒரு வேலை தன் முறைக்காகச் சராசரியாக நான்கு வேலைகளின் நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. 80-ஐ 95 ஆக்கினால் வருமானம் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாகக் கூடிவிடாது. காத்திருப்போ ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிறது. நிஜ ஆபீஸில் பலர் வேலையைப் பகிர்ந்துகொள்வதால் எண்கள் இவ்வளவு கடுமையாக இருக்காது, ஆனால் போக்கு இதேதான்.

இப்போது அந்த மாடி ஆபீஸில் யோசனைகள் ஏன் சாகின்றன என்பது தெரிகிறது. 95 சதவீதம் நிரம்பிய ஒருவரின் மேஜையில் புது யோசனையும் ஒரு வேலையாகத்தான் வந்து நிற்கிறது. கிளையண்ட் வேலை முன்னால் போகும். அது முடிந்ததும் அடுத்த கிளையண்ட் வேலை. யோசனைக்கு யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை, ‘இந்த சப்மிஷன் முடியட்டும்’ என்று மட்டும்தான் சொல்கிறார்கள். சப்மிஷன்கள் முடிவதே இல்லை.

வீட்டில் தயிர் தோய்க்கிறவர்களுக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. எவ்வளவு கெட்டித் தயிராக இருந்தாலும், எத்தனை பேர் சாப்பாட்டுக்கு வந்தாலும், ஒரு கரண்டி உறைக்கு என்று எடுத்துவைத்த பிறகுதான் மிச்சம் பந்திக்குப் போகும். கடைசியில் மிஞ்சினால் உறைக்கு வைப்போம் என்று யாரும் இருப்பதில்லை. அந்த ஒரு கரண்டி நேற்றைய தயிர்தான், அதுவே நாளைய பாலைத் தோய்க்கிறது. புதுமைக்கு ஒதுக்குகிற நேரமும் அப்படிப்பட்டது. முதலில் எடுத்துவைக்க வேண்டும். அதில் இடுகிற சரக்கு ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் அறிவாக இருக்க வேண்டும்.

அட்வென்ட்நெட்டின் ஆரம்ப வருஷங்களில் இந்த இரண்டையும் தெளிவாகப் பார்க்கலாம். ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ், வேம்புவின் சகோதரர்கள் ஆகியோரின் உழைப்பில் 1996-ல் தொடங்கிய அந்த நிறுவனம் விற்றது பொதுமக்களுக்குத் தெரியாத ஒரு சரக்கு. ஒரு நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளிடம் தூரத்திலிருந்தே ‘நன்றாக ஓடுகிறாயா, எவ்வளவு சுமை, எங்கே கோளாறு’ என்று கேட்டுப் பதில் வாங்க எஸ்.என்.எம்.பி. என்ற பொதுமொழி உண்டு. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகள் தங்கள் கருவிக்குள் அந்த மொழியைச் சேர்க்கத் தேவையான மென்பொருள் பாகங்களை அட்வென்ட்நெட் செய்து தந்தது. 2001-ல் டாட்காம் சரிவு வந்தபோது வாங்குகிற அந்தக் கம்பெனிகளே ஆட்டம் கண்டன. ஆர்டர் வறண்டது. கையில் இன்ஜினியர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு நேரமும் இருந்தது. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காத கம்பெனி என்பதால், உடனே ஆட்குறைப்பு செய் என்று மேலிருந்து சொல்லவும் யாரும் இல்லை.

அந்த நேரத்தில் அவர்கள் முற்றிலும் புதியதாக எதையும் தேடிப் போகவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எஸ்.என்.எம்.பி. அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே அறிவை வைத்துக்கொண்டு, வாங்குகிறவரை மாற்றினார்கள். கருவி செய்கிறவருக்குப் பாகம் விற்பதற்குப் பதிலாக, கருவிகளை வாங்கி வைத்திருக்கும் சாதாரண கம்பெனியின் ஐ.டி. நிர்வாகிக்கு முழு மென்பொருளாகவே விற்றார்கள். 2002-ல் மேனேஜ்எஞ்ஜின் இப்படித்தான் வந்தது. அந்தப் பிரிவு ஈட்டிய பணம் அடுத்த முயற்சிக்குக் கைகொடுத்தது. 2005-ல் ஜோஹோ ரைட்டர், பிரவுசரிலேயே எழுதும் மென்பொருள், வெளிவந்தது. கூகுள் டாக்ஸ் வந்தது 2006-ல். 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ கார்ப்பரேஷன் ஆயிற்று. இன்றைய ஜோஹோவை வைத்துச் சிறு கம்பெனிக்குப் பாடம் சொல்வது சரியாக இருக்காது. ஆனால் 2001-ல் வேலை குறைந்து உட்கார்ந்திருந்த அட்வென்ட்நெட் நம் மாடி ஆபீஸுக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

ஆர்டர் வறளும்வரை காத்திருந்துதான் நேரம் கிடைக்க வேண்டுமா? வறண்ட காலத்தில் சம்பளம் கொடுக்கச் சேமிப்பு உள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் நல்ல காலத்திலேயே ஒதுக்க வேண்டும். நம் கற்பனை ஆபீஸில் இரண்டு பேரை வாரத்தில் ஒரு நாள் விடுவித்தால் மாதம் 64 மணி. 3,200-ல் அது இரண்டு சதவீதம். ரூபாய்க் கணக்கில் 51,200. பெரிய தொகைதான், ஆனால் இதற்காகக் கம்பெனி மூழ்கிவிடாது. இருந்தும் ஏன் யாரும் செய்வதில்லை? அந்த 51,200 டைம்ஷீட்டில் சிவப்பாகத் தெரிகிறது. செய்யாமல் விட்டதால் போனது எந்த ஷீட்டிலும் தெரிவதில்லை.

சரி, அந்த இரண்டு பேர் வியாழக்கிழமை காலை வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என்ன செய்வது? இங்கே நாம் செக்கரின் மேஜைக்குப் போய்ப் பார்க்கலாம். வரைபடத்தைச் சரிபார்க்கிறவர்தான் செக்கர். சரியான அளவின் மேல் மஞ்சள், தப்பின் மேல் சிவப்பு. பதினைந்து வருஷ அனுபவமுள்ள ஒரு செக்கர் எந்தப் புது ஆள் எந்த இடத்தில் சறுக்குவார் என்று தாளைத் திருப்புவதற்கு முன்பே சொல்லிவிடுவார். போல்ட் ஓட்டை உத்தரத்தின் விளிம்புக்கு மிக நெருக்கமாக விழுந்திருக்கும் என்று அவர் கை நேராக அந்த மூலைக்கே போகும். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பொக்கிஷம் உண்டு, ஆர்.எஃப்.ஐ. பதிவு. அமெரிக்க இன்ஜினியர் அனுப்பிய மூல வரைபடத்தில் ஓர் அளவு விடுபட்டிருந்தால், இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், கேள்வி எழுதி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாமல் ஊகித்து வரைந்தால், பதில் வந்ததும் அத்தனையும் ரீவொர்க். இப்படி வருஷக்கணக்கில் அனுப்பிய கேள்விகள் எக்செல் ஷீட்டில் வரிசையாகக் கிடக்கின்றன. பிராஜெக்ட் முடிந்ததும் அந்த ஷீட்டை யாரும் திறப்பதில்லை.

வியாழக்கிழமைக்காரர்கள் அந்த ஷீட்டுகளைத் திறக்கட்டும். பழைய பத்து பிராஜெக்ட்டின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, வகை பிரிக்கட்டும். படிக்கட்டு கைப்பிடி உயரம், தூண் அடித்தகட்டின் தடிமன், கூரை விளிம்பு அளவு என்று சில கேள்விகளே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அப்படியானால் அடுத்த பிராஜெக்ட்டில் மாடல் போடத் தொடங்குவதற்கு முன்பே, முதல் வாரத்தில், இந்தக் கேள்விகளை மூல வரைபடத்தில் தேடிப் பார்த்து மொத்தமாக அனுப்பிவிடலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஒரு பக்கப் பட்டியல் போதும். இரண்டாவது படியாக, விளிம்பு நெருக்கம் போன்ற தப்புகளை மென்பொருளே கண்டுபிடிக்கும்படி ஒரு சிறு நிரல் எழுதலாம். இவர்கள் அதிகம் பயன்படுத்தும் டெக்லா மென்பொருள் அதற்கு வழி விட்டு வைத்திருக்கிறது. மூன்றாவது படி வந்தால்தான் தொழில் மாறும். மூல வரைபடத்தில் இருக்கும் ஓட்டைகளை முன்கூட்டியே கண்டு சொல்வதையே தனிச் சேவையாக, மணிக்கணக்கில் இல்லாமல் பிராஜெக்ட்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்து விற்கலாம். முதல் படியிலேயே பலன் இல்லை என்று தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் போக வேண்டாம். மூன்று மாதம் என்று தொடங்கும்போதே நாள் குறித்துவிட வேண்டும். நாள் குறிக்காத முயற்சியை நிறுத்த யாருக்கும் மனசு வராது, அது ஒதுக்கிய நேரத்தையெல்லாம் தின்றுவிடும்.

செய்த பொருள் யாருடையது என்ற கேள்வியைப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. ‘பேட்டன்ட் எடுத்துவிடலாம்’ என்ற எண்ணம் முதலில் வரும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வெறும் கணினி நிரலுக்கும் வியாபார முறைக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது. நிரலுக்குப் பதிப்புரிமைதான் உண்டு. வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குச் சொந்தம். சிக்கல் கிளையண்ட்டோடு போடுகிற ஒப்பந்தத்தில் இருக்கிறது. ‘இந்த வேலையில் உருவான அனைத்தும் எங்களுக்கே’ என்று வெளிநாட்டு ஒப்பந்தங்களில் ஒரு வரி இருப்பது சகஜம். கிளையண்ட் காசு கொடுத்த மணியில் அந்தச் சிறு நிரலை எழுதினால், அந்த வரி அதையும் இழுத்துக்கொண்டு போகலாம். வியாழக்கிழமை நேரத்தைத் தனியாக ஒதுக்கி, டைம்ஷீட்டிலும் தனியாகப் பதிவது இதற்காகவும்தான். கம்பெனியின் சொந்தக் கருவிகள் கம்பெனிக்கே என்று அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் பல கிளையண்ட்டுகள் ஒப்புக்கொள்வார்கள்.

இனி அந்தச் செக்கர். அவருக்கு ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பெரிய கம்பெனி கூடுதல் சம்பளம் தருகிறேன் என்றால் அவர் போவார், போகத்தான் வேண்டும். கடைசி வாரத்தில் கே.டி., அதாவது அறிவைக் கைமாற்றுவது, என்ற பெயரில் ஒரு இளைஞனை அவர் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். பதினைந்து வருஷத்தை ஐந்து நாளில் யாரும் இறக்கிவைக்க முடியாது. மேலே பார்த்த அந்த ஒரு பக்கப் பட்டியலின் பெரிய பயன் இதுதான் என்பேன். நேரம் மிச்சமாவது இருக்கட்டும், செக்கரின் கை எந்த மூலைக்குப் போகும் என்பது அவர் இருக்கும்போதே தாளில் ஏறிவிடுகிறது. ஆனால் எழுதியவர் பெயரோடு, அவருக்குரிய மரியாதையோடும் ஊதியத்தோடும் ஏற வேண்டும். ‘இதை எழுதிக் கொடுத்துவிட்டால் என்னை அனுப்பிவிடுவார்கள்’ என்று அவர் பயந்தால் உப்புச்சப்பில்லாத பட்டியல்தான் கிடைக்கும்.

ஆள் போய்விடுவார் என்ற பயத்துக்கு ஜோஹோ வேறு வழி கண்டது. 2005-ல், பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்த சில இளைஞர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவிக்கத் தொடங்கியது. இப்போது ஜோஹோ ஸ்கூல்ஸ் என்று அறியப்படுவது அதுதான். சந்தையில் விலை பேசி ஆள் எடுப்பதைவிட ஆளை வளர்ப்பது நிலைக்கும் என்பது அதன் கணக்கு. 25 பேர் கம்பெனி பள்ளிக்கூடம் நடத்த முடியாது. ஆனால் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பொத்தேரியிலும் கல்லூரிகள் சூழ்ந்திருக்கும்போது, இரண்டு மாணவர்களை ஆறு மாதம் அந்த ஆர்.எஃப்.ஐ. ஷீட்டோடு உட்காரவைக்க முடியும்.

பக்கத்தில் கல்லூரி இருந்தால் அறிவு தானாக வந்துவிடும் என்றும் நினைத்துவிடக் கூடாது. தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவை பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று கட்டியெழுப்பியபோது இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். அங்கே இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கொடுத்தால் மட்டும் போதாது, ‘கிரெடிட்’ சேர்க்க வேண்டும். ஆசிரியர்களோடு சேர்ந்து ஆய்வு செய்தால் கிரெடிட். மாணவர்களை இன்டர்னாக எடுத்தால் கிரெடிட். தன் ஊழியரை ஐ.ஐ.டி.யில் மேற்படிப்புக்கு அனுப்பினாலும் உண்டு. ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தாலும், கட்டாயம் என்று ஒன்று இல்லாவிட்டால் இரு தரப்பும் பேசிக்கொள்ளாது என்பதை அவர்கள் முன்பே உணர்ந்திருக்கிறார்கள். மாடி ஆபீஸுக்கும் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் அப்படி ஒரு கட்டாயம் தேவை.

அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்றால், புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஹூஸ்டனிலிருந்து கிளையண்ட் போன் வருகிறது, நாளைக்கே நாற்பது வரைபடம் திருத்த வேண்டும் என்கிறார். அந்த இரண்டு பேரைத் தொடாமல் சமாளிப்பது எப்படி என்று யோசிக்கவும், முடியாவிட்டால் ‘வெள்ளிக்கிழமை தருகிறோம்’ என்று கிளையண்ட்டிடம் சொல்லவும் அதிகாரம் உள்ள ஒருவர் ஆபீஸில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது முதலாளியாகத்தான் இருப்பார். அவர் அப்போது ஊரில் இல்லாவிட்டால் யார் சொல்வது என்பதையும் பெயர் போட்டு எழுதி ஒட்டிவைப்பது நல்லது.